பிழை இல்லாத கட்சரோ, எறியிற கட்சரோ? கணக்குத் தெரிஞ்ச ஆக்கள் ஒருக்கா வாங்கோ

கரைச்சி மாஸ்டர்:
எல்லாருக்கும் வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில விளையாட்டுப் பொறுப்பில இருக்கிறன். எல்லே விளையாடின பெடியளை வைச்சு பேஸ்போல் ரீம் ஒண்டு கட்டியிருக்கிறம். அடிக்கிறதில பிரச்சினை இல்லை, எல்லேயில பழகின கை. பிச்சரும், அதுதான் பந்து எறியிறவனும், ரெண்டு பேர் தேறியிட்டினம். சிக்கல் கட்சரில, அடிக்கிறவனுக்குப் பின்னால குந்தியிருந்து அந்தப் பந்தைப் பிடிக்கிறவன்.

ரெண்டு பெடியள் நிக்கினம். பேர் வேண்டாம், நெட்டையன், கட்டையன் எண்டு வைப்பம். நெட்டையன் கிரிக்கெட்டில கீப்பர். ஸ்கோர் ஷீற்றில அவனுக்கு இண்டைவரை ஒரு பிழைகூட இல்லை, களத்தடுப்பு வீதம் 1.000. கட்டையன் அப்பிடி இல்லை. முதலாம் பேஸில (அடிச்சுப்போட்டு ஓடிப்போய் நிக்கிற முதல் இடம்) நிக்கிறவன் அசைஞ்சாலே போதும், இரண்டாம் பேஸுக்கு எறிஞ்சுபோடுவான். சிலது ஆளை மடக்கும், சிலது நடுமைதானத்துக்குப் போகும். அதால அவன்ர வீதம் நல்லாக் கீழ.

அதிபர் ரெண்டு எண்ணையும் பாத்துட்டு, "இதில யோசிக்க என்ன கிடக்கு மாஸ்டர்?" எண்டுறார். எனக்கு மனம் ஒப்பேல்லை. அமெரிக்காவில நடக்கிற பெரிய லீக்கில (மேஜர் லீக்) கட்சர்மாரை ஒருத்தரோட ஒருத்தர் எதை வைச்சு ஒப்பிடுகினம்?

ஸ்காபரோ குஞ்சியப்பு:
மாஸ்டர், அந்த வீதத்தை மடிச்சு பொக்கற்றுக்க வையுங்கோ. முப்பது வருசமா ரொறன்ரோவில எங்கட ஊர் ரீம் புளூ ஜேய்ஸைப் பாக்கிற ஆள் சொல்லுறன்.

வீதம் எண்டது என்ன? புட்அவுட்டையும் (கடைசியாப் பந்தை வைச்சு ஆளை அவுட் ஆக்கினது) அசிஸ்டையும் (அந்த அவுட்டுக்குப் பந்தை எறிஞ்சு குடுத்தது) கூட்டி, அதோட பிழையும் சேர்ந்த மொத்தத்தால பிரிக்கிறது. கட்சருக்கு புட்அவுட் எங்கயிருந்து வருது எண்டு பாருங்கோ. பிச்சர் ஒருத்தனை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினால் (வலயத்துக்குள்ள வந்த பந்தை விட்டாலோ, வீசித் தவறினாலோ ஒரு ஸ்ட்ரைக், மூண்டு ஸ்ட்ரைக் எண்டால் அவுட்), பந்து கடைசியாக் கட்சரின்ர கையுக்க கிடக்கிறதால அது கட்சரின்ர பேரில எழுதுப்படும். உழைச்சவன் பிச்சர், வரவு கட்சருக்கு.

சும்மா ஒரு கணக்குப் போடுவம். ஒருத்தன் நல்ல பிச்சரின்ர பந்தைப் பிடிச்சு 100 புட்அவுட், 5 அசிஸ்ட், 2 பிழை. வீதம் 0.981. அதே ஆளை வேகம் குறைஞ்ச பிச்சரோட விடுங்கோ: 30 புட்அவுட், அதே 5 அசிஸ்ட், அதே 2 பிழை. இப்ப 0.946. ஆளும் மாறேல்லை, கையும் மாறேல்லை.

பெரிய உதாரணம் வேணுமெண்டால் யாடியர் மொலினா. செயின்ற் லூயிஸ் கார்டினல்ஸுக்கு மட்டும் 2004 இல இருந்து 2022 வரை ஆடினவர். கட்சர்களில அதிக புட்அவுட் அவருக்குத்தான், 15,000க்கு மேல. அவருக்கு முதல் அந்தச் சாதனை இவான் றொட்றிகஸின்ர கையில இருந்தது. ஆனா கட்சராய் ஆடின ஆட்டம் ஆருக்குக் கூட? றொட்றிகஸுக்கு, 2,427. மொலினாவுக்கு 2,184. ஆட்டம் குறைவு, புட்அவுட் கூட. மொலினா காலத்தில அடிக்கிறவங்கள் ஸ்ட்ரைக் அவுட் ஆகிறது அந்தளவுக்குக் கூடிப்போச்சு. ரெண்டு பேரும் மலை மாதிரி ஆக்கள்தான், ஆனா இந்த எண்ணை வைச்சு ஆர் உயரம் எண்டு அளக்க ஏலாது.

முறிகண்டி எக்ஸ்பிரஸ்:
உது கீப்பர்மாரின்ர கதையேதான் குஞ்சியப்பு. ஒருநாள் ஆட்டத்தில ஸ்டம்பிங் கணக்கு தோனிக்கு 123, சங்காவுக்கு 99, கில்கிறிஸ்ற்றுக்கு 55. அப்ப கில்கிறிஸ்ற்றின்ர கை பாதிதானோ? அவருக்கு முன்னால வேகக்காரர் மக்ராவும் லீயும் ஓடி வந்தாங்கள், சங்காவுக்கு முன்னால சுழல்காரன் முரளி நிண்டவர். டெஸ்டில இண்டைக்கும் ஸ்டம்பிங்கில முதல் ஆள் பேர்ட் ஓல்ட்ஃபீல்ட், 54 டெஸ்டில 52. அவர் ஆடினது 1920, 30களில. கிறிமெற் எண்ட சுழல்காரனுக்குக் கீப்பரா நிண்டால் வராமல் என்ன செய்யும்?

வட்டக்கச்சி மாமரம்:
மாஸ்டர், மட்டை எங்க வாங்கினியள்? என்ன விலை?

கரைச்சி மாஸ்டர்:
@வட்டக்கச்சி மாமரம் வாங்கேல்லை தம்பி. பழைய மாணவர் ஒருத்தர் கனடாவில இருந்து பெட்டியில அனுப்பினது. கையுறை, கட்சரின்ர நெஞ்சுக்கவசம், முகமூடி எல்லாம் அதுக்குள்ள வந்தது. கவசம் ஒண்டுதான், அதுதான் ரெண்டு கட்சரையும் ஒரே நேரத்தில பழக்க ஏலாமக் கிடக்கு.

மாங்குளம் சந்தி:
எல்லாரும் சேர்ந்து வீதத்தைக் குப்பையில போடுறியள். நான் ஒத்துக்கொள்ளமாட்டன். மைக் மதீனி எண்ட கட்சர் 2003 பருவம் முழுக்க ஒரு பிழைகூட விடேல்லை. 2002 இல தொடங்கி 2004 வரை தொடர்ச்சியா 252 ஆட்டம் பிழை இல்லாமல் நிண்ட மனிசன். சார்ள்ஸ் ஜோன்சனும் 1997 இல அப்பிடித்தான். இது சும்மா வந்ததோ? பிச்சர் புட்அவுட் தரலாம், பிழையில்லாமல் இருக்கிறதையும் பிச்சரோ தாறது?

நெடுங்கேணி ஸ்கோரர்:
வணக்கம். நான் கணிதம் படிப்பிக்கிறனான், ஸ்கோர் எழுதுறது பழக்கம். மாங்குளம் சந்தி கேட்டது நல்ல கேள்வி. மதீனியும் ஜோன்சனும் களத்தடுப்புக்குக் குடுக்கிற தங்கக் கையுறை விருதை ஆளுக்கு நாலு தரம் வாங்கினவை, திறமையில குறை சொல்ல ஒண்டுமில்லை. ஆனா பெரிய லீக்கில கிட்டத்தட்ட எல்லாக் கட்சரும் 0.99 சொச்சத்தில நிக்கினம். அந்தச் சின்ன இடைவெளிக்குள்ள ஆளை ஆள் பிரிச்சுக் காட்ட இந்த வீதத்தால ஏலாது.

இன்னொண்டு. பிழை எண்டு எழுதுப்படாத பிழையள் கட்சருக்குத்தான் அதிகம். கையுக்க வந்த பந்தைத் தவறவிட்டு, பேஸில நிண்டவன் ஒரு பேஸ் முன்னேறினால் அது "பாஸ்ட் போல்". அது தனிக்கணக்கு, பிழைக்க வராது. பந்து கட்சரிட்ட வர முதலே நிலத்தில பட்டு, அதில ஆள் முன்னேறினால் "வைல்ட் பிச்", அது பிச்சரின்ர தலையில. பேஸில ஒருத்தரும் இல்லாத நேரம் பந்து பின்னால போனால் ஒரு இடத்திலயும் எழுதமாட்டினம். ஆகவே ஒருத்தன் நாள் முழுக்கப் பந்தை விட்டுப்போட்டும் 1.000 எண்டு வீட்டுக்குப் போகலாம்.

எறியிறதிலயும் ஒரு விதி இருக்கு மாஸ்டர். பேஸ் திருட, அதுதான் பிச்சர் எறியேக்க அடுத்த பேஸுக்கு, ஓடுறவனை மடக்கக் கட்சர் எறிஞ்ச பந்து கோணலாய்ப் போனாலும், ஓடினவன் அவன் திருட வந்த பேஸோட நிண்டால் கட்சருக்குப் பிழை இல்லை. அந்த எறியால மேலதிகமா இன்னொரு பேஸ் போனால்தான் பிழை. உங்கட ஷீற்றில கட்டையனுக்குப் பிழை போட்ட இடமெல்லாம் ஆள் மூண்டாம் பேஸுக்குப் போனவனோ? ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ.

கரைச்சி மாஸ்டர்:
ரீச்சர், ஷீற்றுகள் இப்ப மேசையில கிடக்கு. நீங்கள் கேட்டது நல்லதாப் போச்சு. எழுதினவன் கோணல் எறிக்கெல்லாம் பிழை போட்டிருக்கிறான். ஆனா பக்கத்தில ஓட்டத்தைப் பாத்தால் பாதிக்கு மேல ஆள் இரண்டாம் பேஸிலதான் நிண்டிருக்கிறான். பாஸ்ட் போலுக்கு ஒரு நிரலே இல்லை.

மாங்குளம் சந்தி:
சரி, அந்த ஷீற் கள்ளக் கணக்கு. ஒத்துக்கொள்ளுறன். மதீனியை விட்டுக்குடுக்கமாட்டன்.

முறிகண்டி எக்ஸ்பிரஸ்:
அப்ப விசயம் லேசு. பேஸ் திருடுறவனை எத்தினை வீதம் மடக்கினான் எண்டு பாப்பம். இவான் றொட்றிகஸ் 46, ஜொனி பெஞ்ச் 43, மொலினா 40, மைக் பியாற்சா 23. முடிஞ்சுது கதை. பியாற்சா அடிக்கத்தான் லாயக்கு.

ஸ்காபரோ குஞ்சியப்பு:
தம்பி எக்ஸ்பிரஸ், கொஞ்சம் பிறேக் பிடியும்.

அடிக்கிறவன் நிக்கிற ஹோம் பிளேற்றில இருந்து இரண்டாம் பேஸ் 38.8 மீற்றர் சொச்சம். கையுறையில பந்து பட்ட நேரத்தில இருந்து இரண்டாம் பேஸில போய்ச் சேருற வரைக்கும் பெரிய லீக் கட்சருக்கு ஏறத்தாழ 2.0 செக்கன். ஜே.ரி. றியல்மியூற்றோ மாதிரி ஆக்கள் 1.9க்கும் கீழ செய்வினம். அதுக்கு முதல் பிச்சர் அசையத் தொடங்கின நேரத்தில இருந்து பந்து கட்சரிட்ட வர ஒரு 1.3 செக்கன். ரெண்டையும் கூட்டினால் 3.3. நல்லா ஓடுறவனுக்கும் அவ்வளவுதான் தேவை. பிச்சர் காலைத் தூக்கி ஆறுதலா எறிஞ்சு 1.6 எடுத்தானெண்டால், றொட்றிகஸ் பின்னால இருந்தாலும் கனதரம் ஓடுறவன் தப்பிப்போடுவான்.

பியாற்சா டொட்ஜர்ஸ் ரீமில ஆரின்ர பந்தைப் பிடிச்சவர் தெரியுமோ? ஹிடெயோ நோமோ. முதுகை அடிக்கிறவனுக்குக் காட்டித் திரும்பி, கையை ஆகாயம் வரைக்கும் தூக்கி எறியிற ஜப்பான்காரன். அந்த முறுக்கு அவிழுறதுக்குள்ள ஓடுறவன் பாதித் தூரம் போயிருவான். பியாற்சாவின்ர எறிகை பலவீனம்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா அந்த 23 முழுக்க அவற்றை கணக்கு இல்லை. பந்துக்குப் பந்து பாத்து எழுதின பிற்கால ஆய்வுகள் அவர் பந்தைத் தடுக்கிறதிலயும் ஸ்ட்ரைக் எடுத்துக் குடுக்கிறதிலயும் நல்லவர் எண்டுதான் காட்டுது.

நெடுங்கேணி ஸ்கோரர்:
வருசமும் முக்கியம். 2023 இல பெரிய லீக்கில விதி மாத்தினவை. பேஸ் 15 அங்குலத்தில இருந்து 18 அங்குலமாச்சு. பிச்சர் பேஸில நிக்கிறவனைப் பயப்படுத்த எறியிறதுக்கும் வரம்பு வந்தது. 2022 இல மொத்தம் 2,486 திருட்டு, அடுத்த வருசம் 3,503. ஓடினவையில தப்பினவை 75 வீதத்தில இருந்து 80க்கு ஏறிச்சு. இப்ப ஒரு கட்சர் 25 வீதம் மடக்கினால் அவர் சராசரிக்கு மேல. அதே 25 றொட்றிகஸ் காலத்தில, சராசரி 30ஐ ஒட்டி நிண்ட நேரம், பலவீனமான எறிகை. கூட ஆடினவன் என்ன செய்தான் எண்டு தெரியாமல் ஒருத்தன்ர எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு வரக்கூடாது.

வீதத்துக்க வராத ஒண்டும் இருக்கு. மொலினா நிண்டால் கனபேர் ஓடவே மாட்டினம். ஓடாதவனை மடக்க ஏலாது. அதால எத்தினை பேர் முயற்சித்தவை எண்டதையும், அவர் குந்தின இன்னிங்ஸ் எத்தினை எண்டதையும் பக்கத்தில எழுதவேணும்.

பாலியாத்துக் கரை:
என்ர மச்சான் புளூ ஜேய்ஸ் கேர்க் பற்றித்தான் நெடுகலும் கதைப்பான். பந்தை ஏமாத்தி ஸ்ட்ரைக் ஆக்குவாராம். அது என்ன சங்கதி?

ஸ்காபரோ குஞ்சியப்பு:
ஆ, எங்கட ஆளைப் பற்றிக் கேட்டியள்! அலெஹாந்த்ரோ கேர்க், மெக்சிக்கோ திஹுவானாக்காரன், உயரம் 5 அடி 8 அங்குலம். மாஸ்டர், உங்கட கட்டையனிட்ட சொல்லுங்கோ.

ஓரத்தில வாற பந்தைப் பிடிக்கேக்க கையுறை வெளிய இழுபடாமல், மெல்லமா உள்ளுக்குக் கொண்டுவந்து அசையாமல் வைச்சிருக்கிறது. அம்பயர் பாத்து ஸ்ட்ரைக் எண்டுவார். 2000களின்ர கடைசியில எல்லா மைதானத்திலயும் கமரா வந்து ஒவ்வொரு பந்தும் எங்கால வந்தது எண்டு பதிஞ்ச பிறகுதான் இதை எண்ணக்கூடியதா இருந்தது. 2011 இல மைக் ஃபாஸ்ற் எண்டவர் கணக்குப் போட்டுப் பாக்க, மேல நிண்ட பேர் ஹோசே மொலினா. யாடியரின்ர அண்ணன். அதுவரைக்கும் அவரை மாத்துக் கட்சர் எண்டுதான் பாத்தவை. ஒரு பந்து ஸ்ட்ரைக்காய் மாறினால் ஏறத்தாழ 0.125 ஓட்டம் எண்டு வைக்கினம். எட்டுப் பந்துக்கு ஒரு ஓட்டம். ஒரு ஆட்டத்தில நூறு நூற்றைம்பது பந்து வருது, நீங்களே பெருக்கிப் பாருங்கோ.

2025 உலகத் தொடரைப் பற்றி மட்டும் ஒருத்தரும் என்னட்டக் கேக்காதேங்கோ. ஏழாவது ஆட்டம், 11ஆவது இன்னிங்ஸ், புளூ ஜேய்ஸைத் தோற்கடிச்ச அடியை அடிச்சதும் ஒரு கட்சர், டொட்ஜர்ஸின்ர வில் ஸ்மித். அந்த மனிசன் மூண்டாவது ஆட்டத்தில 18 இன்னிங்ஸும் குந்தியிருந்தவர். முழங்கால் என்னத்தால செய்ததோ.

நெடுங்கேணி ஸ்கோரர்:
2026 இல இருந்து அந்த வித்தைக்கும் ஒரு கடிவாளம். பந்து ஸ்ட்ரைக் வலயத்துக்குள்ளயோ வெளியயோ எண்டு பிச்சர், கட்சர், அடிக்கிறவன் மூண்டு பேரில ஒருத்தர் தலையைத் தட்டி அம்பயரின்ர தீர்ப்புக்குச் சவால் விட்டால் இயந்திரம் பாத்துச் சொல்லும். ஒவ்வொரு ரீமுக்கும் ரெண்டு பிழையான சவாலுக்குத்தான் இடம். எது நியாயமான சவால் எண்டு தெரிஞ்ச கட்சருக்கு இனி அதுக்கும் ஒரு நிரல் வரும்.

ஆனா மாஸ்டர், உங்கட மைதானத்தில இதை விடுங்கோ. உங்களுக்குப் பின்னால தடுப்பு வலை இருக்கோ?

கரைச்சி மாஸ்டர்:
வலை எங்க ரீச்சர்! ஹோம் பிளேற்றுக்குப் பின்னால கிரவல், அதுக்கங்கால வயல் வரம்பு. பந்து போனால் வரம்பு வரைக்கும் போகும். மாரி மழைக்கு எண்டால் சேத்துக்க போய்க் குத்தும்.

நெடுங்கேணி ஸ்கோரர்:
அப்ப உங்களுக்கு முதல் எண் அதுதான். பெரிய லீக்கில பின்னால போன பந்தால ஒரு பேஸ் போகும். உங்கட மைதானத்தில ரெண்டு போகும், மூண்டாம் பேஸில நிண்டவன் நடந்து வந்து ஓட்டம் எடுப்பான். எறிஞ்சு ஒருத்தனை மடக்கிறதைவிடப் பின்னால விடாமல் மறிக்கிறது உங்களுக்குப் பெறுமதி கூட. நெட்டையனுக்குப் பின்னால எத்தினை போகுது?

கரைச்சி மாஸ்டர்:
எண்ணேல்லை. ஆனா போகுது. கண்ணால பாத்திருக்கிறன்.

முறிகண்டி எக்ஸ்பிரஸ்:
நானும் கீப்பர்தான், அதால சொல்லுறன். கீப்பருக்கு ரெண்டு கையுறை, எழும்பி வாற பந்தோட சேர்ந்து எழும்பவேணும், கையைப் பின்னுக்கு விட்டுக்குடுத்துப் பிடிக்கவேணும். இங்க நேர்மாறு. நிலத்தில குத்தி வாற பந்தைப் பிடிக்கவே வெளிக்கிடக்கூடாது. முதல்ல கையுறை நிலத்தில, ரெண்டு முழங்காலுக்கும் இடையில. பிறகு முழங்கால் ரெண்டும் விழவேணும். நாடி நெஞ்சில முட்டவேணும், தோள் ரெண்டையும் உள்ளுக்கு வளைச்சால் பந்து நெஞ்சில பட்டு முன்னால செத்து விழும். நிமிர்ந்து நெஞ்சை விரிச்சுக்கொண்டு நிண்டால் பக்கத்தால தெறிச்சுப் போகும். வெறுங்கையைக் கையுறைக்குப் பின்னால ஒளிச்சு வைக்கவேணும், இல்லாட்டில் விரல் போயிரும். நெட்டையன் பழக்கதோசத்தில ஏந்தப் பாக்கிறானாக்கும். பழக்கினால் மாறும், கீப்பரைக் கைவிட்டுராதேங்கோ.

மாங்குளம் சந்தி:
@எக்ஸ்பிரஸ் உன்ர சாதிக் கீப்பரை நீ விட்டுக்குடுப்பியோ!

ஸ்காபரோ குஞ்சியப்பு:
மாஸ்டர், தொடக்கத்திலயே கேட்டிருக்கவேண்டிய கேள்வி. உங்களுக்கு ரெண்டு பிச்சர் எண்டியள். எந்தக் கட்சர் எந்தப் பிச்சரைப் பிடிக்கிறவன்?

ஏன் கேக்கிறன் எண்டால், 1987 இல டெக்சஸில ஜீனோ பெட்ரலி எண்ட கட்சர் ஒரே பருவத்தில 35 பாஸ்ட் போல் விட்டவர். எண்ணை மட்டும் பாத்தால் கண் தெரியாத ஆள் எண்டுவியள். அவர் பிடிச்சது சார்லி ஹஃப். சுத்தாமல் மிதந்து வாற நக்கிள்போல். எந்தப் பக்கம் திரும்பும் எண்டு எறிஞ்சவனுக்கே தெரியாது.

கரைச்சி மாஸ்டர்:
நேராப் போடுற வலக்கையனை நெட்டையன் பிடிக்கிறவன். மற்றவன் இடக்கையன், நல்ல வேகம், ஆனா எங்க போகும் எண்டு சொல்ல ஏலாது. அவன்ர பந்தைப் பிடிக்கிறது நெடுகலும் கட்டையன்தான். நெட்டையன் மாட்டன் எண்டுறான்.

முறிகண்டி எக்ஸ்பிரஸ்:
ஓகோ!

நெடுங்கேணி ஸ்கோரர்:
இப்ப எல்லாம் வெளிச்சமாச்சு. ஒருத்தன் இலகுவான வினாத்தாள் எழுதி நூறு எடுத்திருக்கிறான்.

ஆனா ஒரு பக்கமாய்ப் பாக்கக்கூடாது. இடக்கைப் பிச்சர் எறிய நிக்கேக்க முதலாம் பேஸ் அவன்ர முகத்துக்கு நேரா இருக்கும், ஓடுறவன் கூடத் தள்ளி நிக்கப் பயப்படுவான். அதால ஆளை மடக்கிறதில கட்டையனுக்கு அனுகூலம், பந்தை மறிக்கிறதில நெட்டையனுக்கு அனுகூலம். ரெண்டு எண்ணும் சாய்ஞ்சுதான் கிடக்கு. டாங்கோ எண்ட பேரில எழுதுற பேஸ்போல் கணக்காளர் கட்சர்களுக்குச் செய்து காட்டின வழி, அதே பிச்சரை வைச்சுக்கொண்டு கட்சரை மாத்திப் பாக்கிறது. இந்தக் கட்சரோட அந்தப் பிச்சருக்கு என்ன நடந்தது, வேற கட்சரோட என்ன நடந்தது. உங்களிட்ட ரெண்டு பிச்சர், ரெண்டு கட்சர். இதைவிட வசதி வராது.

மாங்குளம் சந்தி:
இதைச் செய்யுங்கோ மாஸ்டர். இதுக்குப் பிறகும் நெட்டையனுக்கு நல்ல எண் வந்தால் என்னட்ட மன்னிப்புக் கேளுங்கோ எல்லாரும்.

கரைச்சி மாஸ்டர்:
சனிக்கிழமை பழகல் இருக்கு. மாத்திப் பாக்கிறன். கவசம் ஒண்டுதானே, இன்னிங்ஸுக்கு இன்னிங்ஸ் கழட்டிப் போடவேணும், அது ஒரு கரைச்சல். ஷீற்றில என்னென்ன நிரல் போட? அதிபருக்கும் விளங்கவேணும்.

நெடுங்கேணி ஸ்கோரர்:
கூட வேண்டாம், எழுதுற பிள்ளை களைச்சுப்போகும். கட்சர் பேர், பிச்சர் பேர், குந்தின இன்னிங்ஸ். பேஸில ஆள் நிக்கேக்க நிலத்தில குத்தி வந்த பந்து எத்தினை, அதில மறிச்சது எத்தினை. நேரா வந்து விட்ட பந்து தனியா. ஓட வெளிக்கிட்டவை எத்தினை, மடக்கினது எத்தினை. கோணல் எறியால மேலதிக பேஸ் போனது எத்தினை. அவ்வளவும் காணும். களத்தடுப்பு வீதத்துக்கும் ஒரு நிரல் விடுங்கோ, அதிபர் தேடுவார்.

ஒரு நாள் ஷீற்றை வைச்சு முடிவெடுத்துராதேங்கோ, எண்ணிக்கை காணாது. பந்து குத்தின இடத்தைப் பாக்க எழுதுறவன் ஹோம் பிளேற்றுக்குப் பக்கவாட்டில நிக்கவேணும், பின்னால நிண்டால் கட்சரின்ர முதுகுதான் தெரியும்.

ஸ்காபரோ குஞ்சியப்பு:
ரெண்டாவது கவசத்துக்கு நான் பொறுப்பு. இங்க சின்னப் பெடியள் வளர்ந்து விட்டது கனக்கக் கிடக்கும், விசாரிச்சுச் சொல்லுறன். நெட்டையனுக்கு என்ன அளவு வேணும்?

கரைச்சி மாஸ்டர்:
நன்றி அண்ணை. அளந்து உள்பெட்டியில போடுறன். நெட்டையனிட்டச் சொல்லியாச்சு, முகம் சுருங்கிப் போச்சு, ஆனா வாறன் எண்டிருக்கிறான். இடக்கையன் ஒருத்தன்தான், ரெண்டு பேருக்கும் எத்தினை இன்னிங்ஸ் எறிய விடலாம்?

நெடுங்கேணி ஸ்கோரர்:
ஆளுக்கு ரெண்டு காணும், மொத்தம் நாலு. முதல் ரெண்டு நெட்டையனுக்குக் குடுங்கோ, பிச்சர் களைச்ச பிறகு பந்து இன்னும் கோணலாகும், அதையும் அவன்ர தலையில போடக்கூடாது. அடுத்த கிழமை ஒழுங்கை மாத்துங்கோ. இடக்கையன் தோள் நோகுது எண்டால் அதோட நிப்பாட்டிப்போட்டு ஷீற்றைப் படமெடுத்து இதில போடுங்கோ.